கார்பல் டனல் அறுவை சிகிச்சை: கட்டைப் பிரித்த பிறகு கை எப்படி இருக்கும்?

கேள்வி: எனக்கு வயது 54. 30 ஆண்டுகளாகத் தையல் வேலை செய்கிறேன். சர்க்கரை நோய் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன். ஒன்றரை ஆண்டாக வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகின்றன. முதலில் இரவில் மட்டும்தான் இருந்தது, எழுந்து கையை உதறினால் சரியாகிவிடும். இப்போது பகலிலும் இருக்கிறது. ஊசியைப் பிடித்திருக்கிறேனா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரிகிறது. இரண்டு மாதம் மணிக்கட்டுப் பட்டை போட்டேன். மணிக்கட்டில் ஓர் ஊசியும் போட்டார்கள். நான்கு மாதம் நன்றாக இருந்தது, பிறகு பழையபடி ஆகிவிட்டது. நரம்புப் பரிசோதனையில் 'கார்பல் டனல் பாதிப்பு, வலது கையில் தீவிரம், இடது கையில் லேசானது' என்று வந்திருக்கிறது. அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொல்கிறார் டாக்டர். ஆனால் இதே சிகிச்சையைச் செய்துகொண்ட உறவினர் ஒருவர், "இரண்டு மாதம் ஆகிறது, ஒரு பாட்டில் மூடியைக்கூடத் திறக்க முடியவில்லை, செய்துகொள்ளாதே" என்கிறார். நரம்பை வெட்டுவார்களா? மயக்கம் கொடுப்பார்களா? எத்தனை நாளில் தைக்க முடியும்? மரத்த விரல்களுக்கு உணர்ச்சி திரும்புமா? சர்க்கரை நோயால் புண் ஆறாமல் போகுமா? இரண்டு கைக்கும் சேர்த்தே செய்துவிடலாமா?

பதில்: வணக்கம் அம்மா. ஆறு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் கேள்வியே இல்லாத ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. "ஊசியைப் பிடித்திருக்கிறேனா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரிகிறது" என்று போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். கை நரம்பைப் பார்க்கிறவர்களுக்கு அந்த ஒரு வரியே போதும்.

இரவில் விரல் மரத்து, உதறினால் சரியாகிவிடுவது ஒரு கட்டம். நரம்பு நசுங்குகிறது, அழுத்தம் குறைந்ததும் நிமிர்ந்துகொள்கிறது. பட்டைக்கும் ஊசிக்கும் பொறுமைக்கும் அங்கே இடம் உண்டு. கையை எத்தனை முறை உதறினாலும் தொடு உணர்ச்சி திரும்பாமல் நாள் முழுதும் மங்கியே கிடப்பது அடுத்த கட்டம். நரம்புக்குள் இருக்கும் நுண்ணிய இழைகளே நலியத் தொடங்கிவிட்டன என்று அதற்குப் பொருள். உங்கள் பரிசோதனை முடிவும் அதையே சொல்கிறது. ஆகவே மற்றதையெல்லாம் பேசுவதற்கு முன் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: செய்துகொள்ளுங்கள். நாளைக்கே ஓட வேண்டிய அவசரம் இல்லை. ஆனால் "இந்தத் துணிகளை எல்லாம் முடித்துவிட்டு, அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று விடக்கூடிய நிலையையும் நீங்கள் தாண்டிவிட்டீர்கள்.

ஒரு சின்னச் சோதனையை இப்போதே செய்து பாருங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் விளக்கு வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கட்டைவிரலின் அடியில் இருக்கும் சதை மேட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். வலது மேடு தட்டையாக, ஓரத்தில் பள்ளம் விழுந்தாற்போல் தெரிகிறதா? பிறகு புறங்கை மேசையில் படும்படி கையை மல்லாத்தி வைத்து, கட்டைவிரலை நேராக மேலே, கூரையைப் பார்க்கத் தூக்குங்கள். இன்னொருவர் அதை உள்ளங்கைப் பக்கம் அழுத்தட்டும். இடது கை தாங்கும் அழுத்தத்தை வலது கை தாங்கவில்லை என்றால் கட்டைவிரலின் தசையும் பாதிக்கப்பட்டிருக்கிறது. அப்படி இருந்தால் உங்கள் டாக்டரிடம் அதைச் சொல்லி, தேதியை முன்னே கொண்டுவரச் சொல்லுங்கள். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது கீழே வரும்.

நரம்பை வெட்டுவார்களா என்பது உங்கள் முதல் பயம். வெட்டமாட்டார்கள். நரம்பைத் தொடாமல், அதன் மேல் இருக்கும் கூரையைத்தான் வெட்டுகிறோம். உள்ளங்கை தொடங்கும் இடத்தில், மணிக்கட்டின் சின்னஞ்சிறு எலும்புகள் ஒரு வாய்க்கால் போலக் குழிந்து நிற்கின்றன. அந்த வாய்க்காலின் மேல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு கெட்டியான தசைநார் இழுத்துக் கட்டியிருக்கிறது. கேன்வாஸ் துணியைப் பல மடிப்பாக மடித்தால் எப்படி இருக்குமோ அப்படி, கொஞ்சமும் நெகிழாது. கார்பல் டனல் எனப்படும் இந்தச் சுரங்கத்துக்குள் விரல்களை மடக்கும் 9 தசைநாண்கள் ஓடுகின்றன. அவற்றோடு நெருக்கியடித்துக்கொண்டு, ஒரு மெல்லிய நாடா அளவே உள்ள மீடியன் நரம்பும் போகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவற்றின் உணர்ச்சியும், கட்டைவிரல் மேட்டுத் தசைகள் பெரும்பாலானவற்றின் இயக்கமும் அந்த நரம்பின் பொறுப்பு. சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு, வேறு வழி. அதனால்தான் உங்கள் சுண்டுவிரல் தப்பியிருக்கிறது.

உள்ளே இருப்பவை சற்று வீங்கினாலும் கூரை இடம் கொடுக்காது. தசைநாண்கள் கயிறு போன்றவை, தாங்கும். நரம்பு தாங்காது. அதற்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்கள் முதலில் நசுங்குகின்றன. தூக்கத்தில் மணிக்கட்டை மடித்துக்கொண்டு படுக்கிறோம், சுரங்கம் இன்னும் நெருக்கமாகிறது, இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது. பட்டை அந்த மடிப்பைத் தடுத்தது. ஊசி மருந்து வீக்கத்தைச் சில மாதம் வடிய வைத்தது. இரண்டும் தங்கள் வேலையைச் செய்தன. கூரையை அகலமாக்க மட்டும் அவற்றால் முடியாது. ஊசி போட்டு நான்கு மாதம் சரியானது வீண் இல்லை அம்மா. அது ஒரு நல்ல அறிகுறி. உங்கள் தொல்லையின் வேர் கழுத்திலோ வேறெங்கோ இல்லாமல் மணிக்கட்டில்தான் இருக்கிறது என்பதற்கு அது ஒரு சாட்சி.

இது நேற்று வந்த சிகிச்சையும் இல்லை. மணிக்கட்டு எலும்பு முறிவுக்குப் பிறகு இந்த நரம்பு நசுங்குவதை அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட் 1854இலேயே எழுதிவைத்தார். தசைநாரை வெட்டி நரம்பை விடுவித்ததை இன்னொரு அறுவை மருத்துவரான ஜேம்ஸ் லியர்மந்த் 1933இல் பதிவு செய்தார். இன்று கையில் செய்யப்படும் அறுவை சிகிச்சைகளில் மிகச் சாதாரணமாக நடப்பவற்றுள் இதுவும் ஒன்று.

இனி அந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன். முழு மயக்கம் பெரும்பாலும் தேவையில்லை. உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். உண்மையைச் சொன்னால், அந்த நாளில் பெரும்பாலும் வலிக்கிற விஷயம் அந்த ஊசிதான். முதல் சில விநாடிகள் சுள்ளென்று எரியும். மெதுவாகப் போட்டால் எரிச்சல் குறைவு, அதைக் கேட்டுப் போட்டுக்கொள்வதில் கூச்சம் வேண்டாம். மருந்தோடு, ரத்தக் கசிவைக் குறைக்கும் அட்ரினலின் கலந்திருந்தால் சிறிது நேரம் நெஞ்சு படபடக்கலாம், பயப்பட வேண்டாம், தானே அடங்கும். சில இடங்களில் ரத்தம் கசியாமல் இருக்க மேற்கையில் ஒரு பட்டையைக் காற்றடித்து இறுக்குவார்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை போன்றதுதான், ஆனால் இது இறுக்கியபடியே இருக்கும். பத்து நிமிடத்துக்கு மேல் போனால் வெட்டிய இடத்தைவிட அந்தப் பட்டைதான் அதிகம் தொல்லை தரும். அட்ரினலின் கலந்த மருந்து போட்டால் பல நேரங்களில் இந்தப் பட்டையே தேவைப்படாது. உங்கள் டாக்டர் எந்த முறையில் செய்வார் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பெரும்பாலும் 10 முதல் 20 நிமிடம் ஆகும். உங்கள் முகத்துக்கும் கைக்கும் நடுவே ஒரு துணித் திரை இருக்கும். யாரோ கையைப் பிடித்து அழுத்துவது, இழுப்பது தெரியும், கூர்மையான வலி தெரியாது. தெரிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியில் 2 முதல் 4 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு கீறி, கொழுப்பை விலக்கி, அந்தக் கெட்டித் தசைநாரை நீளவாக்கில் முழுவதுமாக வெட்டித் திறப்பார்கள். திறந்ததும் அதன் இரண்டு ஓரங்களும் தாமாகவே விலகிக்கொள்ளும். அந்த நேரத்தில் நாங்கள் காண்பதை உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். நரம்பில் கூரைக்கு அடியில் இருந்த துண்டு மட்டும் தட்டையாகி, வெளிறி, நடுவில் இறுகக் கட்டிய பை போலக் கிடக்கும். ரத்தம் வரத் தொடங்கியதும் அந்த வெளுத்த இடத்தில் இளஞ்சிவப்பு மெல்லப் பரவும். இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், இன்னும் அந்த நிமிடத்தில் ஒரு கணம் கையை நிறுத்திவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகிறேன்.

அந்தத் தசைநாரைத் திரும்பத் தைக்கமாட்டோம். விலகிய இடைவெளியில் புதிய திசு வளர்ந்து, முன்பைவிட அகலமான கூரையாக அது தானே மூடிக்கொள்ளும். தோலை மட்டும் சில தையல் போட்டுச் சேர்த்து, கட்டுப் போட்டு, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் எண்டோஸ்கோபி முறையைப் பற்றி யாராவது உங்களிடம் பெருமையாகச் சொல்லக்கூடும். அதில் தழும்பு சிறியது, முதல் சில வாரங்களில் உள்ளங்கை வலி குறைவு, வேலைக்குச் சற்று முன்னதாகத் திரும்பலாம். நரம்பு தற்காலிகமாக உரசப்படும் வாய்ப்பு அதில் கொஞ்சம் கூடுதல். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு வழியில் வந்தவர்களின் கைகளும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உங்கள் டாக்டருக்கு எந்த முறை கைவந்ததோ அதுவே உங்களுக்கு நல்லது.

வீட்டுக்கு வந்ததும் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குக் கையைத் தொங்கவிடாதீர்கள். உட்கார்ந்தாலும் படுத்தாலும் தலையணை மேல், நெஞ்சின் உயரத்துக்கு மேலே இருக்கட்டும். கழுத்தில் தூளி கட்டித் தொங்கவிட்டால் தோளும் முழங்கையும் இறுகிப்போகும், அதனால் அது வேண்டாம். மருந்தின் மரப்பு சில மணி நேரத்தில் விலகும். அதற்கு முன்பே ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டால் முதல் இரவு எளிதாகக் கழியும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாள் பாராசிட்டமால் போதும். விரல்களை அன்று மாலையிலிருந்தே அசைக்க வேண்டும். முழுதாக விரித்து, முழுதாக மடக்கி, கட்டைவிரல் நுனியால் சுண்டுவிரல் அடியைத் தொட்டு, ஒவ்வொரு மணி நேரமும் பத்து முறை. கட்டுப் போட்ட கையை அசைத்தால் தையல் பிரிந்துவிடும் என்று பலர் பயந்து கையைச் சிலைபோல வைத்துக்கொள்கிறார்கள். அப்படி வைத்துக்கொண்டவர்களுக்குத்தான் விரல்கள் வீங்கி, விறைத்து, பின்னால் வாரக்கணக்கில் பயிற்சி தேவைப்படுகிறது. மோதிரம், வளையல் எல்லாவற்றையும் போவதற்கு முன்பே கழற்றி வைத்துவிடுங்கள்.

தையல் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். அதுவரை கட்டு நனையக் கூடாது, அவ்வளவுதான். முள்கரண்டி, பல் துலக்கும் பிரஷ், சட்டைப் பட்டன் போன்ற லேசான காரியங்களை அந்தக் கையாலேயே செய்யலாம், செய்ய வேண்டும்.

இப்போது உங்கள் கடிதத்தின் நடுநாயகமான கேள்விக்கு வருகிறேன். உணர்ச்சி திரும்புமா? ஒரே சொல்லில் பதில் சொன்னால் உங்களை ஏமாற்றுவதாகிவிடும். ஏனென்றால் உங்கள் கையில் இருப்பது ஒரு நோவு அல்ல, மூன்று. ஒவ்வொன்றும் தனித்தனி வேகத்தில் விலகும்.

இரவில் எழுப்பும் அந்த எரிச்சலும் குறுகுறுப்பும்தான் முதலில் போகும். பலர் கட்டுப் போட்ட முதல் இரவே விழிக்காமல் தூங்கிவிட்டு, மறுநாள் அதிசயமாகச் சொல்வார்கள். சிலருக்குச் சில நாள், சில வாரம் ஆகும்.

நாள் முழுதும் இருக்கும் மரப்பு அப்படிப் போகாது. நலிந்த நரம்பு இழைகள் மறுபடி வளர்ந்து விரல் நுனியை எட்ட வேண்டும். நரம்பு வளரும் வேகம் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். உங்கள் மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை ஓர் அளவு நாடாவை வைத்துப் பாருங்கள், ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் வரும். 180 மில்லிமீட்டர், 180 நாள். உணர்ச்சி திரும்ப ஆறு மாதம் ஆகலாம் என்று நாங்கள் சொல்லும் கணக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்கே புரியும். இழைகளின் மேலுறை மட்டும் பழுதாகியிருந்தால் இதைவிடச் சீக்கிரமே சரியாகும். உள் இழையே போயிருந்தால் ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம். உங்களைப் போலப் பாதிப்பு தீவிரமாக இருந்தவர்களுக்குப் பெருமளவு திரும்பி, நுனியில் மட்டும் மெல்லிய உறை போட்டாற்போல் கொஞ்சம் மிச்சம் நிற்பதும் உண்டு. வழியில் விரல்களில் எறும்பு ஊர்வது போலவும், திடீரென்று மின்சாரம் பாய்ந்தது போலவும் இருக்கும். நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து அழுதுகொண்டு வருவார்கள். பெரும்பாலும் அது நரம்பு விழிக்கிற சத்தம்.

மூன்றாவது, தசை. கட்டைவிரல் மேடு ஒரு முறை வற்றிவிட்டால் அது திரும்பி வரும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. சிலருக்கு ஓரளவு திரும்பும், சிலருக்குத் திரும்புவதே இல்லை. மேலே அந்தச் சோதனையைச் செய்யச் சொன்னது இதனால்தான். மரவேலை செய்யும் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். வலி எப்போதோ நின்றுவிட்டது, அதனால் சரியாகிவிட்டது என்று நினைத்து நான்கு வருடம் இருந்துவிட்டார். வலியைச் சொல்வதற்குக்கூட நரம்பில் தெம்பு இல்லாமல் போயிருந்தது. மேசையில் நான் வைத்த ஐந்து ஆணிகளில் ஒன்றைக்கூட அவரால் பொறுக்கி எடுக்க முடியவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு உணர்ச்சி பாதிக்குமேல் வந்தது, தசை வரவில்லை. முன்பே அனுப்பிவைக்க யாரும் இல்லையே என்று இன்றும் எனக்கு வருத்தம் உண்டு. வலி குறைந்து மரப்பு மட்டும் மிஞ்சுவதை எந்த நோயாளியும் குணமாகிவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் உறவினர் சொன்னது பொய் இல்லை. இரண்டாவது மாதத்தில் பாட்டில் மூடி திறக்க முடியாதது நடக்கக்கூடியதே. அதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததுதான் அவர் பயந்ததற்குக் காரணம் என்று நினைக்கிறேன். வெட்டிய தசைநார், கைப்பிடிக்கு நங்கூரம் போன்றது. கட்டைவிரல் மேட்டுத் தசையும் சுண்டுவிரல் மேட்டுத் தசையும் அதிலிருந்துதான் புறப்படுகின்றன. அதைத் திறந்ததும் அந்த இரண்டு மேடுகளும் புதிய நிலையில் பழக வேண்டியிருக்கிறது. அதனால் தழும்பின் இருபுறமும், உள்ளங்கை அடியில், ஆழமான ஒரு நோவு வரும். நாற்காலியின் கையில் உள்ளங்கையை ஊன்றி எழுந்தால் சுரீரென்று இருக்கும். மூடி திருகுவது, துணி பிழிவது, கத்தியால் அழுத்தி நறுக்குவது எல்லாமே அந்த இடத்தைத்தான் கேட்கும். இந்த நோவு எல்லாருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. வந்தவர்களுக்குப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்துக்குள் கரைந்துவிடும். கைப்பிடியின் பலமும் முதலில் குறைந்து, ஏறத்தாழ மூன்று மாதத்தில் பழைய அளவுக்கு வந்து, அதன் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். உங்கள் உறவினரிடம் நான் கேட்க நினைக்கும் கேள்வி வேறு: இரவில் தூக்கம் எப்படி இருக்கிறது? நன்றாகத் தூங்குகிறார் என்றால் அவருடைய அறுவை சிகிச்சை பெரும்பாலும் வெற்றிதான், மூடி இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும்.

இந்த நோவைக் குறைக்க நீங்கள் செய்யக்கூடியது, தழும்பைத் தேய்த்துவிடுவது. தையல் பிரித்துத் தோல் நன்றாகச் சேர்ந்த பிறகு, ஏதாவது ஓர் எண்ணெயோ கிரீமோ தடவி, இடது கட்டைவிரலால் தழும்பின் மேல் சின்னச் சின்ன வட்டமாக, தோல் அசையும் அளவு அழுத்தித் தேயுங்கள். ஒரு நாளைக்கு மூன்று முறை, ஐந்து ஐந்து நிமிடம், ஆறு முதல் எட்டு வாரம். தொட்டாலே கூசினால் மெல்லிய துணி, பிறகு கெட்டித் துணி, பிறகு டவல் என்று உரசிப் பழக்குங்கள். துணி வகைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தையல் வேலைக்குத் திரும்புவதை ஒரே தேதியாக நினைக்காதீர்கள். தையல் பிரித்த பிறகு, அதாவது இரண்டு வாரத்துக்கு மேல், ஊசி பிடித்து லேசான கைத்தையல் தொடங்கலாம். அரை மணி நேரம் செய்து நிறுத்துங்கள். மெஷினில் துணியைத் தள்ளி வழிகாட்டுவது மூன்று நான்கு வாரத்தில் முடியும். வெட்டுக் கத்தரிக்கோலைக் கடைசிக்கு வையுங்கள். அதன் கைப்பிடி அழுத்துவது சரியாகத் தழும்பின் மேலும் கட்டைவிரல் மேட்டின் மேலும்தான். கெட்டித் துணி வெட்டுவதும், கனமான இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்ப்பதும் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு வேறு யாராவது செய்யட்டும். முதல் சில வாரங்களில் மணிக்கட்டை உள்பக்கம் மடித்தபடி எதையும் இறுக்கிப் பிடிக்காதீர்கள். கூரை இன்னும் மூடாத நேரம் அது, தசைநாண்கள் அந்த வழியாக முன்னே தள்ளிக்கொள்ளும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: உணர்ச்சி முழுதாக வரும்வரை அந்த மூன்று விரல்களுக்குச் சூடு சரியாகத் தெரியாது. சூடான பெட்டியும் ஊசி முனையும் உள்ள வேலை உங்களுடையது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் விரல் நுனிகளில் காயமோ கொப்புளமோ இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இந்தச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. அதைக் காரணம் காட்டி ஒதுக்க வேண்டாம். ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் கத்தி வைத்தால் கிருமித் தொற்றும், புண் மெதுவாக ஆறுவதும் கூடும். கடந்த மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையைச் செய்து, அதிகமாக இருந்தால் சரிசெய்துகொண்டு தேதி வாங்குங்கள். பாதங்கள் மரத்துப்போகின்றனவா, சுண்டுவிரலும் சேர்ந்து மரக்கிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இருந்தால், சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பும் கூடவே இருக்கக்கூடும். அந்தப் பங்கை எந்தக் கத்தியும் சரிசெய்யாது. அன்று காலை மாத்திரை போடலாமா, சாப்பிடலாமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்துச் செய்வதானால் பல நேரங்களில் பட்டினி கிடக்க வேண்டியதே இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஆபத்துகளையும் மறைக்கமாட்டேன். தொற்று வரலாம், அது அரிது. நரம்பிலோ அதன் கிளையிலோ காயம் படலாம், அது இன்னும் அரிது. தசைநாரின் கடைசி இழை வெட்டப்படாமல் நின்று தொல்லை தொடரலாம். ஏதாவது ஒரு விரல் மடங்கிச் சிக்கிக்கொண்டு, நிமிர்த்தும்போது சொடுக்கும் தொல்லை சில மாதம் கழித்து வரலாம். மிகச் சிலருக்கு, கை வீங்கிப் பளபளத்து, நிறமும் சூடும் மாறி, காயத்துக்குப் பொருந்தாத கடும் வலி தொடங்கும். இதைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் கட்டுப்படுத்துவது எளிது. காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, வலி நாளுக்கு நாள் குறையாமல் ஏறினாலோ, முன்பு இல்லாத புதிய மரப்பு மறுநாளும் விலகாமல் இருந்தாலோ, அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றே போங்கள். மூன்று மாதம் ஆகியும் இரவுத் தொல்லையில் எள்ளளவும் மாற்றம் இல்லை என்றாலும் திரும்பப் போய்க் கேளுங்கள். கழுத்து நரம்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

நன்றாகிவிட்ட பிறகு ஆசைக்காக நரம்புப் பரிசோதனையை மறுபடி எடுக்காதீர்கள். கை குணமானவர்களுக்கும் அந்தக் காகிதத்தில் பழைய குறை நிற்பது உண்டு. வீணாக மனம் குழம்பும்.

கடைசியாக, இரண்டு கையும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்பேன். செய்பவர்கள் இருக்கிறார்கள், தவறில்லை. ஆனால் இரண்டு கையிலும் கட்டோடு குளிக்கவும் கழிப்பறை போகவும் இன்னொருவரை எதிர்பார்த்து இரண்டு வாரம் இருப்பது எளிதல்ல. அதோடு உங்கள் இடது கை இன்னும் லேசான கட்டத்தில்தான் இருக்கிறது. அதை அறுவை சிகிச்சை இல்லாமல் காப்பாற்ற முயற்சி செய்து பார்க்க நேரம் இருக்கிறது. வலது கைக்கு வாங்கிய பட்டை வீட்டில் இருக்கும் அல்லவா? இரு கைக்கும் பொருந்தும் வகை என்றால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இடது கைக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பல பட்டைகளில் உள்ளே இருக்கும் உலோகத் தகடு, மணிக்கட்டைப் புறங்கைப் பக்கம் வளைத்துப் பிடிப்பது போல வளைந்தே வரும். அந்த வளைவிலும் சுரங்கம் நெருக்கமாகத்தான் இருக்கும். தகட்டை வெளியே உருவி, மேசை விளிம்பில் வைத்து அழுத்தி நேராக்கி, மறுபடி சொருகுங்கள். மணிக்கட்டு மடியாமலும் நிமிராமலும், கை முன்கையோடு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பட்டையைக் கட்டினால் அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் இறுக்கம் வேண்டாம். இன்றிரவே இடது கைக்குக் கட்டிக்கொண்டு படுங்கள். ஆறு வாரம் தினமும் கட்டிப் பார்த்துவிட்டு, வலது கையின் தையல் தழும்பைக் காட்டப் போகும்போது இடது கை எப்படி இருக்கிறது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.